படம் பார்த்தால் இங்கிலீஷ் வருமா?

'ஹாலிவுட் படம் பாரு, இங்கிலீஷ் தானா வரும்.' வேலை தேடுகிற எல்லோருக்கும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருப்பார். பாதி உண்மைதான்.

1989-ல் வந்த 'ஹனி, ஐ ஷ்ரங்க் தி கிட்ஸ்' படத்தின் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட இலக்கணப்படி இறந்தகாலத்துக்கு 'ஷ்ராங்க்' வர வேண்டும். 'ஷ்ரங்க்' என்பது 'ஹேவ்', 'ஹேட்' ஆகியவற்றோடு சேர்ந்து வருவது. ஆனால் அமெரிக்கப் பேச்சில் 'ஐ ஷ்ரங்க்' சாதாரணம். அங்குள்ள அகராதிகளே அதை ஏற்கின்றன. வில் ஸ்மித் நடித்த 'தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்' (2006) வேறு ரகம். கடைசிச் சொல்லில் 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒய்' போட்டிருப்பார்கள். மகனை விடும் டே-கேர் சுவரில் இருக்கும் அந்தத் தப்பைக் கதாநாயகனே சுட்டிக்காட்டுவார்!

படம் கற்றுத்தருவது பேச்சு. 'கோயிங் டு' அங்கே 'கானா' ஆகிவிடும், 'வான்ட் டு' 'வானா' ஆகிவிடும். இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் வேகமாகப் பேசும்போது புரிய இந்தப் பழக்கம் அவசியம். ஆனால் அதையே கவர் லெட்டரில் எழுதினால் முதல் வரியிலேயே மதிப்பு போய்விடும். இலக்கணத்துக்குப் புத்தகம் வேண்டும்தான்.

தமிழ் சப்டைட்டில் வேண்டாம்; கண் படிக்கும், காது தூங்கிவிடும். ஆங்கில சப்டைட்டிலோடு ரெண்டு நிமிஷக் காட்சி ஒன்றைப் பாருங்கள். பிறகு எழுத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூணாவது தடவை நடிகரோடு சேர்ந்து சத்தமாகப் பேசுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆபீஸ் பேச்சு பழக 'தி இன்டர்ன்' (2015) நல்ல தொடக்கம். அதில் வெடிச்சத்தம் கிடையாது, பேச்சுதான்.