கூரை மாறியது, அடுப்பு மாறவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

ஜவ்வாது மலையில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் ஜல்லியும் எம்-சாண்டும் குவிந்து கிடக்கின்றன. பிரதமர் வீட்டுத் திட்டம், கலைஞர் கனவு இல்லம், வெளியூரில் உழைத்துச் சேர்த்த சொந்தக் காசு என்று ஏதோ ஒரு வழியில் வீடுகள் எழும்புகின்றன. ஒழுகாத கூரையின் கீழ் பிள்ளைகள் தூங்குவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்தால் நான் முதலில் போய் நிற்பது சமையலறையில். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

கூடத்துக்கு டைல்ஸ். வாசலுக்குச் செதுக்கிய கதவு. சமையலறை மட்டும் ஆறுக்கு ஆறு. ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி. புகை போக வழியே கிடையாது. ஆறு மாதம் கழித்துப் போனால், அந்த வீட்டுப் பெண் பின்பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்து, மூன்று கல்லைக் கூட்டி, மழைச் சாரலில் உட்கார்ந்து சமைக்கிறாள். உள்ளே கட்டிய மேடையில் மூட்டை முடிச்சு இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவு செய்து, சமைக்கிறவளை வீட்டைவிட்டு வெளியே தள்ளியிருக்கிறோம்!

நம் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுப்புப் புகை புல் கூரையின் இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறும். போகிற வழியில் பரணில் இருக்கும் சாமையையும் விதைத் தானியத்தையும் பூச்சி அண்டாமல் பார்த்துக்கொள்ளும். அந்த வீட்டிலும் கண் எரிந்தது, இருமல் வந்தது. அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் புகைக்கு ஒரு வழி இருந்தது. கான்கிரீட் தளத்தில் அந்த இடுக்கு இல்லை. கூரையை மாற்றினோம், அதே அடுப்பை உள்ளே வைத்தோம். புகை எங்கே போகும்? அவள் நெஞ்சுக்குள்தான் போகும்.

"கேஸ்தான் வந்துடுச்சே டீச்சர்" என்பீர்கள். 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கியபின் இணைப்பு வந்தது உண்மை. தீர்ந்த சிலிண்டருக்குப் பதில் அடுத்தது வாங்கப் பணம் வேண்டாமா? விறகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வெந்நீர் போடவும் களி கிண்டவும் எத்தனை வீட்டில் கேஸைத் திறக்கிறீர்கள்? இரண்டு அடுப்பும் எரிகிற வீட்டுக்கு இரண்டுக்கும் ஏற்ற சமையலறை வேண்டும். இல்லாத பெருமைக்கு விறகடுப்பை மறைத்து வரைபடம் போடாதீர்கள்.

இது சின்ன விஷயமல்ல. வீட்டுக்குள் எழும் இந்த மாதிரிப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதிகம் சுவாசிப்பது சமைக்கிற பெண்ணும், அவள் முந்தானையைப் பிடித்து நிற்கும் குழந்தையும்.

அரசுத் தாளிலும் சமையலறை இல்லாமல் இல்லை. பிரதமர் திட்டத்தின் 25 சதுர மீட்டரிலும், கனவு இல்லத்தின் 360 சதுர அடியிலும் சமைக்கும் இடம் அடக்கம். புகையில்லா அடுப்புக்கென்று 1980களிலேயே தேசியத் திட்டம் ஓடியது. எல்லாம் தாளில் இருக்கிறது. தரையில் அளவுகோல் பிடிப்பவர் கடைசியில் மிஞ்சிய மூலையைச் சமையலறை என்கிறார். நாமும் "மேஸ்திரி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டுகிறோம்.

மேஸ்திரிகள் மேல் எனக்குப் பகை இல்லை. சுவர் அவருக்குத் தெரியும், கம்பி கட்டத் தெரியும். அந்த அடுப்படியில் தினமும் குனிந்து நிமிர்கிறவளுக்குத்தான் சமையலறை தெரியும். அவளைக் கேட்காமல் அஸ்திவாரம் தோண்டுவதை எப்படி ஏற்பது?

ஆகவே வீடு கட்டப்போகிறவர்கள், பழைய சமையலறையை இடித்துக் கட்டப்போகிறவர்கள், இதைச் செய்யுங்கள்.

தோண்டுவதற்கு முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அதற்குள் அடுப்பு, குடம், அம்மி, விறகுக்கட்டு எல்லாவற்றையும் வைத்து, சமைக்கிறவரை நடமாடச் சொல்லுங்கள். இடித்தால் கோட்டைத் தள்ளிப் போடுங்கள். கோட்டை அழிக்கக் காசு ஆகாது.

மேடை உயரத்தை அவர் முழங்கையை வைத்து அளங்கள். மேடை முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருந்தால் தோள் வலிக்காது. உட்கார்ந்து சமைக்கிறவர் என்றால் தரையோடு அடுப்பு மேடை கேளுங்கள். அதில் வெட்கம் என்ன?

புகைக்குழாய்க்கான வழியைத் தளம் போடுவதற்கு முன்பே விடச் சொல்லுங்கள். பிறகு துளைத்தால் கம்பி அறுபடும், மழையில் ஒழுகும். குழாய் கூரைக்கு மேல் இரண்டடியாவது உயரட்டும். சூடான புகை மேலேதான் ஏறும், அதனால் சுவரின் உச்சியில் ஒரு காற்றுத் துளையும் வேண்டும்.

கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா, மலைக்கு ஏற்றும் வண்டி வாடகை யாருடையது என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அரசே வேலை முடிந்த நிலையைப் பார்த்துத்தான் தவணை தவணையாகப் பணம் தருகிறது. நீங்கள் மட்டும் ஏன் மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, போன் எடுக்காத ஆளைத் தேடி அலைகிறீர்கள்? கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். சமையலறையில் விறகைப் பற்றவையுங்கள். கால் மணி நேரம் உள்ளே நிற்க முடிந்தால் பணத்தைக் கொடுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் கொத்தனார்களும் மேஸ்திரிகளும் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த வீட்டுக்கு நூல் பிடிக்கும் முன் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "உங்களுக்கு அடுப்பு எங்கே வேணும்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரர் முறைத்தாலும் கேளுங்கள். டீச்சர் கேட்கச் சொன்னார் என்று சொல்லுங்கள்.