கட்டடத்தைக் கணினி காக்கட்டும். கணினியை மனிதர் காக்கட்டும்

மருத்துவமனைக்கு வருவோர் மருத்துவரை அறிவர், செவிலியரை அறிவர், மருந்துகளின் பெயர்களையும் நாளடைவில் அறிந்துகொள்வர். ஆயினும், தாம் படுத்திருக்கும் அறைக்குள் வரும் காற்றை அளந்து அனுப்புவது யார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இன்றைய பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் அப்பணியைக் கணினி வலைப்பின்னல் ஒன்று செய்கிறது. குளிரூட்டும் இயந்திரங்கள், காற்றுக் குழாய்கள், தண்ணீர்த் தொட்டிகள், ஜெனரேட்டர்கள் ஆகியவற்றில் பொருத்தப்பட்ட உணரிகள் தரும் அளவுகள் யாவும் ஒரே திரையில் வந்து சேர்கின்றன. பொறியாளர் இணையத்தின் வழியே எந்தத் தளத்தின் நிலையையும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், வேண்டுமாயின் மாற்றியமைக்கலாம். அலுவலகங்களிலும் வணிக வளாகங்களிலும் பரவலாக வழங்கும் இம்முறையை மருத்துவமனைகள் மேற்கொள்வதை நாம் வரவேற்கிறோம். ஆனால், அலுவலகத்துக்குப் போதுமான ஏற்பாடு நோயாளிகள் தங்கும் இடத்துக்குப் போதாது என்பதே நமது கருத்து.

முதலில் நன்மையைச் சொல்வோம். காசநோய், தட்டம்மை போலக் காற்றின் வழியே பரவும் நோய் உடையோரின் தனி அறையில், காற்றழுத்தம் வெளியே உள்ள நடைவழியைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவிடுக்கின் வழியே காற்று உள்ளே செல்லுமேயன்றி வெளியே கசியாது. அறுவை அரங்கிலோ இதற்கு நேர்மாறாக அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். தனி அறைக்குப் பொதுவாக வகுக்கப்பட்டுள்ள அழுத்த வேறுபாடு 2.5 பாஸ்கல். மனித உடல் உணர முடியாத அளவு அது; உணரி உணரும். அவ்வாறே, பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குள் இருக்க வேண்டும். நள்ளிரவில் குளிர்பெட்டி ஒன்று பழுதாகி வெப்பம் ஏறத் தொடங்கினால், விடியும்வரை காத்திராமல் அப்போதே எச்சரிக்கை எழுகிறது. கண் அயர்ந்தாலும் கணக்குத் தவறாத காவல் இது.

எனினும், இணையத்தின் வழியே நாம் உள்ளே செல்ல முடியுமானால், பிறரும் செல்ல முயல்வர். வெவ்வேறு நிறுவனங்களின் இயந்திரங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்கான ‘பாக்நெட்’ என்னும் பொதுநெறி 1995ஆம் ஆண்டு வெளியாயிற்று. இன்றும் உலகெங்கும் பெருங்கட்டடங்களில் வழங்குவது அதுவே. ஆணை அனுப்புவது யார் என்று உசாவாமலே இயந்திரங்கள் அதனை ஏற்றுக்கொள்ளும் வண்ணமே பெரும்பாலான இடங்களில் அது அமைக்கப்பட்டது. கட்டடத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் புகக்கூடும் என்ற எண்ணம் அக்காலத்தில் மிகுதியாக இல்லை. செய்திகளை மறையாக்கி, அனுப்புவோரை உறுதிசெய்யும் பாதுகாப்பான வடிவம் 2019இல்தான் வந்தது. கட்டட இயந்திரங்களோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைப்பவை. ஆகவே, பழைய அமைப்புகள் இன்னும் பல இடங்களில் இயங்கிவருகின்றன.

இது வீண் அச்சமன்று. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், மருத்துவமனை ஒன்றில் இரவுக் காவலராக இருந்த ஒருவரே அதன் கணினிகளுக்குள் அத்துமீறி நுழைந்தார். அவற்றுள் ஒன்று குளிர்சாதன அமைப்பை இயக்கும் கணினி. கோடை வெப்பத்தில் குளிர்சாதனம் நின்றிருந்தால் நோயாளிகளின் நிலை என்னவாகியிருக்கும் என்பது கேள்வியாயிற்று. 2011இல் அவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் பின்லாந்தின் லப்பேன்ரந்தா நகரில், இணையத் தாக்குதலால் இரண்டு குடியிருப்புக் கட்டடங்களின் வெப்பமூட்டும் அமைப்பு செயலிழந்தது. கட்டுப்பாட்டுக் கருவி மீண்டும் மீண்டும் தானே நின்று தொடங்கிக்கொண்டிருந்ததே காரணம். குளிர்நாட்டில் வெப்பமும் வெப்பநாட்டில் குளிர்ச்சியும் வசதி மட்டுமல்ல. மெலிந்த உடலுக்கு உயிர்நாடி.

இவற்றைக் காட்டி இணையமே வேண்டாம் என்பார் உளர். நாம் அவ்வாறு சொல்லவில்லை. மூன்று ஏற்பாடுகள் இன்றி இம்முறையை மருத்துவமனையில் நடத்தலாகாது என்றே சொல்கிறோம். முதலாவது, கட்டடத்தை இயக்கும் வலைப்பின்னல் பொது இணையத்திலிருந்தும், நோயாளிகளின் பதிவேடுகள் உள்ள வலைப்பின்னலிலிருந்தும் பிரித்து வைக்கப்பட வேண்டும். பழுதுபார்க்கும் ஒப்பந்ததாரருக்கு வேலை நேரத்தில் மட்டுமே வழி திறந்து, வேலை முடிந்ததும் அடைக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு முக்கிய இயந்திரத்தையும் திரையின் துணையின்றிக் கையால் இயக்கத் தெரிந்த ஒருவர் இரவிலும் வளாகத்திலேயே இருக்க வேண்டும். எல்லாம் திரையில் தெரிகிறதே, இரவுப் பணிக்கு ஆள் எதற்கு என்று செலவைக் குறைக்க முனைவது எளிது. பூட்டிய அலுவலகத்துக்கு அது பொருந்தலாம். செயற்கைச் சுவாசத்தில் ஒருவர் படுத்திருக்கும் கட்டடத்துக்குப் பொருந்தாது. திரையில் தோன்றும் எச்சரிக்கை வால்வைத் திருகாது. மனிதர் சென்றே திருக வேண்டும்.

மூன்றாவது ஏற்பாடு வாசகர்களாகிய உங்களைச் சார்ந்தது. சுவரில் உள்ள உணரி அது இருக்கும் இடத்தின் வெப்பத்தையே அறியும். மேற்கு வெயில் படும் சன்னலோரக் கட்டிலின் வெப்பத்தை அறியாது. அங்கே படுத்திருப்பவர் “புழுக்கமாக இருக்கிறது” என்று சொன்னால், “திரையில் 24 டிகிரிதான் காட்டுகிறது” என்பது விடையாகாது. நோயாளியின் சொல்லும் ஓர் அளவீடாகவே குறித்துக்கொள்ளப்பட்டு, நேரில் வந்து பார்க்கப்பட வேண்டும். அதனைக் கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.

உரிமையோடு சில கடமைகளும் உண்டு. தனி அறையின் கதவை, எட்டிப் பார்க்க வசதியாக நாற்காலியிட்டுத் திறந்து வைக்காதீர்கள். குளிர் தாங்கவில்லை என்று காற்று வரும் துவாரத்தைத் துணியாலோ செய்தித்தாளாலோ அடைக்காதீர்கள். அந்த அறையின் காற்றோட்டமே அதனால் மாறிவிடும். போர்வை கேட்டுப் பெறுங்கள். சுவரில் உள்ள வலைப்பின்னல் இணைப்புகளில் உங்கள் கருவிகளைச் செருகாதீர்கள்.

கட்டடமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. மருந்தை யார் தருகிறார் என்று கேட்க நமக்கு உரிமை இருப்பதுபோல், இன்றிரவு இக்கட்டடத்தைக் கையால் இயக்கத் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று கேட்கவும் உரிமை உண்டு. அக்கேள்விக்கு ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டும் விடை எந்த மருத்துவமனையிலும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.