ஹெட்லைட்டுக்குள்ள ஒரு தெப்பக்குளம்

போளூர்னு சொன்னதும் திருவண்ணாமலை பக்கம் போயிடாதீங்க மக்களே. இது பழனிமலைப் போளூர். கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு போய்க்கிட்டே இருந்தா வரும். அதையும் தாண்டினா கிளாவரை, அப்புறம் காடு, அந்தப் பக்கம் கேரளா. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையற பூமி. எங்க அக்காவைக் கட்டிக் குடுத்த ஊரு.

மாமாகிட்ட ஒரு சின்ன கார் இருக்கு, பத்து வருஷப் பழசு. போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி கீழே இறங்கினப்ப, அலங்காரச் சாமான் விக்கிற கடை ஒண்ணுல (பேரு வேணாம், விடுங்க) ஹெட்லைட் பல்பைக் கழட்டிட்டு எல்.இ.டி. போட்டுக்கிட்டு வந்தாரு. "மாப்ள, பகல் மாதிரி இருக்குடா"ன்னு போன்ல ஒரே சந்தோஷம். நானும் சூப்பர் மாமான்னு சொல்லித் தொலைச்சேன். அந்தப் பாவத்துக்குத்தான் இந்தப் பதிவு.

ஐப்பசி மழை பிடிச்சு ரெண்டாவது வாரமே லைட்டுக்குள்ள ஆவி. மூணாவது வாரம் சொட்டுச் சொட்டா தண்ணி. அப்புறம் அடியில ஒரு விரக்கடைக்குத் தேங்கி, வண்டி வளைவுல திரும்பினா உள்ள அலை அடிக்குது. மீன் மட்டும்தான் பாக்கி. திரும்பவும் கடைக்குப் போனாரு. அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? டூமைச் சுத்தி, பின்னாடி இருந்த ஓட்டை எல்லாத்துலயும் சிலிகான் பேஸ்ட்டை அப்பி, "இனிமே ஒரு பொட்டுத் தண்ணி போகாது சார்"னு அனுப்பிட்டாங்க.

கார்த்திகையில ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அத்தைக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாலும் அது கொடைக்கானல்ல இருந்து ஏறி இறங்கி வரணும். மாமா அத்தையையும் அக்காவையும் ஏத்திக்கிட்டு கிளம்பிட்டாரு. வெளியில மஞ்சு, லைட்டுக்குள்ள தண்ணி. பிரைட் போட்டா முன்னாடி வெள்ளைச் சுவரு, டிம் போட்டா பானெட்டுக்கு முன்னால பத்தடி மட்டும் பளீர், அதுக்கப்புறம் கும்மிருட்டு. பூம்பாறை தாண்டி ஒரு வளைவுல நடு ரோட்டுல காட்டெருமை. அந்தக் கருப்புக்கு ஒழுங்கான லைட்டு இருந்தாலே கிட்டப் போனாத்தான் தெரியும். மாமா ஒடிச்ச ஒடியில வண்டி மலைப்பக்க வாய்க்கால்ல இறங்கி நின்னுச்சு. இன்னொரு பக்கம் திருப்பியிருந்தா... வேணாம். முக்கால் மணி நேரம் கழிச்சு காய்கறி ஏத்திக்கிட்டு வந்த பிக்கப் ஒண்ணு அத்தையை ஏத்திக்கிட்டுப் போச்சு. லேசான அட்டாக்தான், பொழைச்சுக்கிட்டாங்க. ஆனா அந்த முக்கால் மணி நேரத்தை அக்கா இன்னும் சொல்லிச் சொல்லி அழுவா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். "எல்.இ.டி. போட்டா தண்ணி ஏன் வருது, அது டூம் லீக்கு"ன்னு அடிச்சுச் சொல்றவங்க எல்லாம் கொஞ்சம் கவனிங்க.

ஹெட்லைட்டுங்கறது அடைச்ச டப்பா இல்லைங்க. பின்னாடியோ அடியிலயோ சின்னதா மூச்சுக்குழாய் வச்சிருப்பாங்க, சில வண்டியில சவ்வு ஒட்டின ஓட்டையா இருக்கும். லைட்டு எரிஞ்சா உள்ள காத்து சூடாகி விரியும், வெளியேறணும். அணைச்சா சுருங்கும், உள்ள வரணும். மலையில இதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு. கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து சுமாரா 2,100 மீட்டர் உசரம். காத்தழுத்தம் கடற்கரையில இருக்கறதுல அஞ்சுல நாலு பங்குக்கும் சித்த கம்மி. வத்தலக்குண்டுல வாங்கின சிப்ஸ் பாக்கெட் மலை ஏறினா பலூன் மாதிரி உப்புதுல்ல, அதே கதைதான். வண்டி ஏறும்போது டூம் காத்தை வெளிய விடும், இறங்கும்போது கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு புதுக் காத்தை இழுத்துக்கும். அது சமவெளியோட வெக்கையும் ஈரமும் உள்ள காத்து. ராத்திரி மேல ஏறி குளிர்ல நின்னா அந்த ஈரம் கண்ணாடியில பனியா படியும். இது எல்லா வண்டியிலயும் நடக்கறதுதான். மெல்லிசா ஆவி படிஞ்சு, லைட்டைப் போட்டு இருபது முப்பது நிமிஷத்துல காஞ்சு போனா அது கோளாறே இல்லை. சொட்டுச் சொட்டா நிக்கறதும் அடியில தேங்கறதும்தான் கோளாறு.

சரி, யாரு காய வைக்கறது? பழைய ஆலஜன் பல்புதான்! எச்4 பல்புன்னா பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். அதுல பெரும்பங்கு வெளிச்சமா வர்றதில்லை, சூடா வருது. அந்தச் சூடு கதிரா முன்னாடி பாஞ்சு கண்ணாடியைச் சூடாக்கும். வெட்டியா போகுதுன்னு நாம திட்டுற சூடுதான் இத்தனை வருஷமா லைட்டைக் காய வச்சுக்கிட்டு இருந்துச்சு. எல்.இ.டி.யில சூடு முன்னாடி வராது, பின்னாடி அலுமினியத் தகட்டுக்கும் குட்டி ஃபேனுக்கும் போயிடும். கண்ணாடி ஜில்லுன்னே இருக்கும். அமெரிக்காவுல சிக்னல் விளக்கை எல்லாம் எல்.இ.டி.யா மாத்தினப்ப, பனிக்காலத்துல அதுமேல பனி அப்பி, சிவப்பா பச்சையான்னு தெரியாமப் போன கூத்து 2009ல செய்தியாவே வந்துச்சு.

அடுத்து ரப்பர் மூடி. பல்புக்குப் பின்னாடி கருப்பா குல்லா மாதிரி ஒண்ணு இருக்கும். எல்.இ.டி.யோட ஃபேன் பின்னாடி துருத்திக்கிட்டு நிக்கும், குல்லா உக்காராது. உக்காந்தாலும் காத்தோட்டம் இல்லாம ஃபேன் வெந்துபோகும். அதனால கடைக்காரரு அதைக் கத்தியால கிழிப்பாரு, இல்லைன்னா தூக்கியே போட்டுடுவாரு. மாமா வண்டியில ரெண்டுமே இல்லை. மழையில டயர் வாரி அடிக்கற தண்ணியும் சேறும் நேரா ரிஃப்ளெக்டருக்கே அபிஷேகம்.

இதுக்கு மேல அந்த சிலிகான் வைத்தியம் இருக்கே! மூச்சுக்குழாயை அடைச்சா டூம் மூச்சு விடறதை நிறுத்திடுமா? நிறுத்தாது. கண்ணாடி ஒட்டின இடுக்கு, ஹோல்டர் சந்துன்னு எங்க வழி இருக்கோ அங்க இழுக்கும், அங்க நிக்கற மழைத்தண்ணியையும் சேத்து. உள்ள வந்தது வெளிய போகவும் வழி கிடையாது. அதுவும் காடி வாசம் அடிக்கிற மலிவு சிலிகான் இருக்கு பாருங்க, அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். ரிஃப்ளெக்டர்ல இருக்கறது வெள்ளி மாதிரி மின்னுற மெல்லிசு அலுமினியப் பூச்சு, அமிலம் பட்டா அரிச்சிடும். மாமா வண்டியில ஒரு பக்கம் இப்ப நிலாவுல இருக்கற முயல் மாதிரி கறை.

அடியில ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போடுங்கன்னு சொல்ற மேதாவிங்களும் உண்டு. தண்ணி இறங்கும்தான், தூசியும் பூச்சியும் அதே வழியில குடியேறும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ள போடறது ஒரு வாரத்துக்குத் தாங்கும், அப்புறம் அதுவே நனைஞ்ச பஞ்சு.

வெளிச்சக் கதைக்கு வாங்க. எச்4 ரிஃப்ளெக்டரை, சில மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒரு சுருள்கம்பி குறிப்பிட்ட ஒரு இடத்துல எரியும்னு கணக்குப் போட்டு வளைச்சிருக்காங்க. டிம் கம்பிக்கு அடியில குட்டியா ஒரு தகடு வேற, எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்காம இருக்க. அந்த இடத்துல தட்டையான பலகையில ரெண்டு பக்கமும் சில்லு ஒட்டின சமாச்சாரத்தைச் சொருகினா வெளிச்சம் எங்கெங்கயோ சிதறும். பக்கத்துல பளீர்னு இருக்கறதைப் பாத்து பாப்பா சுருங்கி, தூரத்துல இருக்கறது இன்னும் இருட்டா தெரியும். இதுல ஒவ்வொரு நீர்ச்சொட்டும் ஒரு குட்டி லென்ஸ் ஆனா கேக்கவா வேணும். ஜெர்மனியில இந்த மாதிரி மாத்து எல்.இ.டி.க்கு முதமுதலா அனுமதி கிடைச்சதே 2020லதான். ஓஸ்ராம் நைட் பிரேக்கர் எச்7, அதுவும் சோதிச்சுப் பாத்துப் பட்டியல் போட்ட வண்டிகளுக்கு மட்டும். நம்மூர்ல கவுன்ட்டர்ல டீ சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள மாத்திக் குடுத்துடறாங்க.

"அப்ப கம்பெனி குடுக்கற மெழுகுவர்த்தியை வச்சுக்கிட்டு மலையில ஓட்டச் சொல்றியா"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அது ஏன் மெழுகுவர்த்தியா எரியுதுன்னு என்னிக்காவது பாத்தோமா? பழைய வண்டி பலதுல ரிலே கிடையாது. மொத்த கரண்ட்டும் மெல்லிசு ஒயர் வழியா டேஷ்போர்டு சுவிட்ச் வரைக்கும் போய்ச் சுத்தி வருது. ஆலஜன்ல வோல்டேஜ் நூத்துக்குப் பத்து குறைஞ்சா வெளிச்சம் நூத்துக்குப் பத்து குறையாது, முப்பது குறையும். பேட்டரியில இருந்து நேரா தடிச்ச ஒயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் வச்சு, எர்த்தை ஒழுங்கா பண்ணி, அதே 60/55 பல்பைப் போடுங்க, வித்தியாசம் தெரியும். மஞ்சளிச்ச பிளாஸ்டிக் கண்ணாடியை பாலிஷ் போடுங்க. சுவத்துல அடிச்சுப் பாத்து உசரத்தைச் சரி பண்ணுங்க. 100/90 வாட் பல்பு போடறேன்னு கிளம்பிடாதீங்க. 60 வாட்டுக்கு அஞ்சு ஆம்பியர், 100 வாட்டுக்கு எட்டுக்கும் மேல. ஹோல்டர் உருகி ஒழுகும்.

மஞ்சள் லைட்டு மஞ்சைக் கிழிக்கும்னு ஒரு கோஷ்டி வேற. பிரான்ஸ்ல 1993 வரைக்கும் மஞ்சள் ஹெட்லைட்தான் கட்டாயம், உண்மைதான். ஆனா மஞ்சுத் துளி பெருசு, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் சிதறடிக்கும். கண்ணுக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான். மஞ்சுல கணக்கு நிறம் இல்லை, வெளிச்சம் மேல போகாம கீழ அடிக்குதாங்கறதுதான்.

பொங்கலுக்குப் போனப்ப நானும் மாமாவும் டூமைக் கழட்டினோம். சிலிகானைச் சுரண்டி, மூச்சுக்குழாயை ஊதிப் பாத்து, தண்ணியை வடிச்சு, அக்காவோட ஹேர் டிரையரைக் குறைஞ்ச சூட்டுல வச்சு ஒரு மணி நேரம், அப்புறம் வெயில்ல ஒரு நாள். ரிஃப்ளெக்டரைத் துணியால தொடைக்கப் போனாரு, கையைப் பிடிச்சு நிறுத்தினேன், பூச்சு உரிஞ்சு வந்துடும். பழைய பல்பைப் போட்டாச்சு. ரப்பர் மூடிக்குத்தான் அலைஞ்சோம். கொடைக்கானல்ல ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில பழைய சாமான் டப்பாவுல இருந்து ரெண்டு எடுத்துக் குடுத்தாங்க, ரெண்டும் சேத்து நூத்தியம்பது ரூபா. எல்.இ.டி.க்கு மாமா குடுத்தது ரெண்டாயிரத்தி எழுநூறு.

அன்னிக்கு ராத்திரியே கவுஞ்சி வரைக்கும் ஓட்டிப் பாத்தோம். கண்ணாடியில லேசா ஆவி கட்டுச்சு, கால் மணி நேரத்துல காணாமப் போச்சு. எதுத்தாப்புல ஒரு பிக்கப் வந்துச்சு, ரெண்டு பக்கமும் நீல வெள்ளையா எல்.இ.டி. மாமா கையால கண்ணை மறைச்சுக்கிட்டு ஓரங்கட்டி நிறுத்தினாரு. "மாப்ள, நானும் இப்படித்தான் போய்க்கிட்டு இருந்தேனா?"ன்னு கேட்டாரு.

ஆமா மாமா.