பழைய ரீசேர்ட்டும் மூன்று சொட்டு எண்ணெயும்

மச்சாளின் கலியாண வீடு முடிஞ்சு வீட்டுக்கு வர இரவு பதினொரு மணி. சாறியை மாத்தி, தலையில இருந்த கிளிப் எல்லாம் ஒவ்வொண்டாய்க் கழட்டி, கண்ணாடிக்கு முன்னால இருந்தேன். முகத்தில அரை இஞ்சிக்கு மேக்கப். அதைத் துடைக்கிற பஞ்சுப் பக்கெற் வெறுமையாய்க் கிடந்தது. ஆனால் என்னட்ட இன்னொரு போத்தல் இருந்தது. யூடியூப் பார்த்து நானே செய்தது. தேங்காய் எண்ணெய், பன்னீர், நாலு சொட்டுத் தேசிக்காய்ப்புளி எல்லாம் கலந்து, பஞ்சை வட்டமாய் வெட்டி ஊற வைச்சு, குளியலறைத் தட்டில மூன்று கிழமையாய் வைச்சிருந்தேன். திறக்கேக்கையே ஒரு மாதிரி மணம். "இயற்கைதானே" எண்டு நினைச்சுக் கண்ணைத் துடைச்சேன்.

அடுத்த நாள் காலமை கண் ரெண்டும் சிவந்து, பீளை கட்டித் திறக்க ஏலாமல் போச்சு. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "கண்ணில என்ன பூசினனீங்கள்?" எண்டதுதான். பதில் சொல்ல எனக்கு வெக்கமாய் இருந்தது.

இதை வாசிச்சிட்டு "வீட்டில செய்யிறதெல்லாம் ஆபத்து, கடையில வாங்குங்கோ" எண்டு நான் சொல்லப் போறேன் எண்டு நினைக்காதேங்கோ. நான் சொல்ல வாறது வேற. வீட்டில செய்யலாம், செய்யவும் வேணும். ஆனால் துணியைச் செய்யுங்கோ, போத்தலில ஊற வைக்கிற மருந்தைச் செய்யாதேங்கோ. இந்த ரெண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தைத்தான் அந்த வீடியோக்கள் சொல்லுறதில்லை.

ஏன் ஊற வைக்கக் கூடாது? தண்ணி இருக்கிற இடத்தில கிருமி வளரும். கடையில விக்கிற போத்தலில அது வளராமல் இருக்கத்தான் பதப்படுத்தும் பொருள் சேர்க்கிறார்கள். நாங்கள் "கெமிக்கல் இல்லை" எண்டு பெருமையாய்ச் சொல்லுற போத்தலில அந்தக் காவல் இல்லை. அதிலும் எங்கட வெக்கைக்கு, ஈரக் குளியலறையில, ஒவ்வொரு நாளும் விரலை விட்டு எடுக்கிற போத்தல் எண்டால் கேக்கவே வேண்டாம்.

தேசிக்காய்ப்புளியும் அப்படித்தான். எங்கட தோல் மெல்லிய அமிலத் தன்மை உள்ளது. அதன் பிஎச் அளவு 5 அளவில இருக்கும். தேசிக்காய்ப்புளி 2 அளவில நிக்குது. சில பேர் சேர்க்கச் சொல்லுற அப்பச் சோடாவோ 8க்கு மேல. ஒண்டு ஒரு பக்கம் இழுக்க, மற்றது மற்றப் பக்கம் இழுக்குது. சமையலுக்கு நல்லது எல்லாம் கண்ணுக்கு நல்லது எண்டில்லை. மிளகாயும் இயற்கைதான்.

அப்ப எதைச் செய்யலாம்? கடைப் பஞ்சுக்குப் பதிலாய், தோய்ச்சுத் தோய்ச்சுப் பாவிக்கிற துணி வட்டம். செலவு ஏறக்குறையப் பூச்சியம்.

ஒரு பழைய பருத்தி ரீசேர்ட் எடுங்கோ. கறுப்பு, கடும் நீலம் எண்டால் நல்லது, மஸ்காராக் கறை தெரியாது. ஜாம் போத்தல் மூடியை வைச்சுச் சுத்தி வரைஞ்சு வெட்டுங்கோ. ரீசேர்ட் துணி பின்னின துணி எண்டபடியால் ஓரம் நூல் பிரியாது, தைக்காமலே பாவிக்கலாம். கொஞ்சம் மொத்தமாய் வேணும் எண்டால், பழைய துவாயில இருந்து அதே அளவு வட்டம் வெட்டி, பின்னால வைச்சு ஓரத்தைக் கையாலயே தைச்சுவிடுங்கோ. துவாய் நூல் பிரியும், அதால தைக்கத்தான் வேணும். இருபது வட்டம் இருந்தால் ஒரு கிழமைக்குத் தாராளம். பக்கத்துத் தையல் அக்காவிடம் கேட்டால் வெட்டுத் துண்டும் தருவா. ஆனால் பருத்திதானா எண்டு பாருங்கோ. பொலியெஸ்டர் தண்ணியை உறிஞ்சாது, முகத்தையும் உரஞ்சும்.

துடைக்கிறதுக்கு, நீர் விட்டு நனைச்சுப் பிழிஞ்ச துணியில மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய் காணும். அந்த நேரம் மட்டும் விடுங்கோ, முதலே விட்டு வைக்காதேங்கோ. தண்ணிக்கு அசையாத மஸ்காராவும் லிப்ஸ்டிக்கும் மெழுகும் எண்ணெயும் கலந்து செய்ததுகள். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். கண்ணை மூடி, துணியை இமையில வைச்சு, இருபது எண்ணும் மட்டும் பொறுங்கோ. பிறகு மெதுவாய்க் கீழ்நோக்கித் துடையுங்கோ. உரஞ்ச வேண்டாம். கொண்டக்ட் லென்ஸ் போடுறவை முதல்ல அதைக் கழட்டுங்கோ. கடைசியாய் முகத்தைச் சவர்க்காரமோ பேஸ்வோஷோ போட்டுக் கழுவினால்தான் வேலை முடியும். பரு வாற முகம் எண்டால் தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கலாம், அதால கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் பாவியுங்கோ. நுவரெலியாப் பக்கம் இருக்கிறவைக்கு எண்ணெய் கட்டியாய்த்தான் இருக்கும். உள்ளங்கையில வைச்சுத் தேய்ச்சால் உருகும்.

பாவிச்ச துணியை அண்டைக்கே சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சு, வெயிலில நல்லாய்க் காய வையுங்கோ. ஈரத்தோட மூடி வைச்சால் என்ர போத்தல் கதைதான் திரும்பவும் நடக்கும்.

இதுக்குள்ள ஏன் இவ்வளவு மினக்கெட வேணும் எண்டு கேக்கலாம். ஒரு முகத்துக்கு மூன்று பஞ்சு எண்டால், நாளாந்தம் வேலைக்கு மேக்கப் போட்டுப் போறவளுக்கு வருசத்துக்கு 1,095 பஞ்சு. எல்லாம் ஒரு நிமிசம் பாவிச்சுக் குப்பைக்குள்ள போறது. பருத்தி சும்மா விளையிறதில்லை. ஒரு காலத்தில உலகத்தின் நாலாவது பெரிய ஏரியாய் இருந்த ஆரல் கடல், சோவியத் காலத்தில பருத்தி வயலுக்கு ஆறுகளைத் திருப்பினதாலதான் வத்திப் போனது. பஞ்சை விட்டு வெற் வைப்ஸுக்குப் போவம் எண்டால், அதில கனக்க பொலியெஸ்டர் கலந்தது, உக்காது.

காசுக் கதையும் இருக்கு. 2022 ஓகஸ்டில அரசாங்கம் சுமார் 300 பொருட்களின் இறக்குமதியை நிப்பாட்டினது ஞாபகம் இருக்கும். சொக்லேட், ஷாம்புவோட மேக்கப் சாமான்களும் அதில இருந்தது. அப்ப கனபேர் சிரிச்சவை, "பெட்டையள் இனிப் பூச ஏலாது" எண்டு. ஆனால் அந்த நேரம் கலியாண வீடு, சாமத்திய வீட்டுக்கு மேக்கப் போட்டுச் சீவிச்ச பிள்ளையளுக்கு அது பகிடி இல்லை, சோறு. அவைக்கு ஒவ்வொரு பக்கெற் பஞ்சும் செலவுக் கணக்கில வாற சாமான்.

"பூசாட்டித் துடைக்கவும் தேவையில்லையே" எண்டு சொல்லுற பெரியவைக்கு ஒண்டு சொல்லுறேன். அரங்கேற்றத்துக்கு எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை இஞ்சி பூசி, முடிஞ்ச பிறகு அழ அழ உரஞ்சித் துடைக்கிறதும் எங்கட வீடுகளிலதான். பூசுறதுக்கு ஆள் இருக்கு, துடைக்கிறதைப் பற்றிக் கதைக்க ஆள் இல்லை. பூசுறதோ விடுறதோ அவளவளின் விருப்பம். பூசினால் பாதுகாப்பாய்த் துடைக்கிறதுக்கு வழி தெரிஞ்சிருக்க வேணும், அவ்வளவுதான்.

கடைசியாய் ஒரு விசயம். சூழலைக் காப்பாத்துற வேலை எல்லாம் எப்படியோ பெண்களின் தலையிலதான் வந்து விழுகுது. துணி வெட்டுறதும் நாங்கள், தோய்க்கிறதும் நாங்கள், குற்ற உணர்ச்சியும் எங்களுக்கு. அதால ஒரு நாள் களைச்சுப் போய்க் கடைப் பஞ்சு பாவிச்சால் உங்களை நீங்களே ஏசாதேங்கோ. எங்கட வீட்டில இப்ப துணி வட்டம் இருபத்திநாலு இருக்கு. வெட்டினது தம்பியின்ர பழைய கிரிக்கெட் ரீசேர்ட்டில. ஞாயிற்றுக்கிழமைகளில கொடியில காயப் போடுறதும் அவன்தான். முதல் நாள் முகத்தைச் சுளிச்சவன், இப்ப தன்ர சைக்கிள் செயின் துடைக்க ரெண்டு கேக்கிறான். அதுக்கு வேற ரீசேர்ட் வெட்டச் சொல்லிப் போட்டேன்.