கையெழுத்து முதலில், டிக்கெட் பிறகு



ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படிப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை விசா, உதவித்தொகை, குளிர் எல்லாவற்றையும் விளக்கியது. திரும்பி வந்த பிறகு நடப்பதை மட்டும் சொல்லவில்லை.

என் மகள் ஜெர்மனியின் டிரெஸ்டனில் குளிர்கால செமஸ்டர் படித்தாள். அங்கே அக்டோபரில் தொடங்கும் வகுப்புகள் பிப்ரவரி வரை நீளும். தேர்வுகள் அதற்குப் பிறகு. இங்கோ அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. மதிப்பெண் பட்டியலோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போனால், "இந்தப் பேப்பர் நம்ம சிலபஸ்லயே இல்லையேம்மா" என்று தாளைத் திருப்பித் தள்ளினார்கள். ராத்திரி பகலாகப் படித்து எழுதிய பிள்ளைக்கு இது பெரிய அநியாயம்.

1987-ல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் புறப்படும் முன்பே கையெழுத்திட வேண்டும். செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது அங்கே பொதுக் கணக்கு. வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பெருமையாக விளம்பரம் செய்யும் நம் கல்லூரிகளும் இப்படி எழுத்தில் தர வேண்டும். பெற்றோரே, டிக்கெட் எடுக்கும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள், இங்கே தவறும் வகுப்புகளுக்கான வருகைப்பதிவு விலக்கையும் சேர்த்து.

– ஒரு மாணவியின் தாய், திருச்சி