வாளை ஓங்கும் உரிமை

மட்டைப்பந்து ஆட்டத்தில் நடுவர் உண்டு. சதுரங்கத்தில் நடுவர் இல்லாவிடினும் காய்களுக்கு விதி உண்டு. குதிரையை நேர்க்கோட்டில் நகர்த்தினால் எதிரே அமர்ந்திருப்பவர் உடனே தடுத்துவிடுவார். நடுவரும் காய்களும் இன்றி, சொற்களை மட்டுமே கொண்டு ஆடப்படும் ஒரு விளையாட்டும் இன்று இணையத்தில் உண்டு. ஒருவர் கோட்டைக் காவலனாகவும், இன்னொருவர் வேற்றூர் வணிகனாகவும், மூன்றாமவர் கள்வர் தலைவியாகவும் வேடம் ஏற்பர். ஆளுக்குச் சில வரிகளாக மாறி மாறி எழுதிக் கதையை வளர்ப்பர். எழுத்துவழி வேடமேற்பு விளையாட்டு என்று இதனைக் குறிப்பிடலாம். உங்களுள் சிலர் இதனை ஆடியிருக்கவும் கூடும். இவ்விளையாட்டில் நேர்மை என்பது யாது?

இதன் முன்னோர்களைச் சற்றுப் பார்ப்போம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து வேடமேற்று ஆடும் அவ்விளையாட்டில், வாள்வீச்சு பட்டதா தவறியதா என்பதைப் பகடை சொல்லும். ஐயம் எழுந்தால் கதையை நடத்துபவர் தீர்ப்பளிப்பார். 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் 'மட்' என்னும் கணினி விளையாட்டை எழுதத் தொடங்கினார். அங்கேயே பயின்ற ரிச்சர்டு பார்ட்டில் அதனை மேலும் வளர்த்தார். அதில் படம் ஒன்றுகூட இல்லை. திரையில் தோன்றியவை எழுத்துகளே. ஆயினும் பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை நிலத்தில் உலவினர். பகடையின் வேலையை அங்கே கணினி செய்தது.

கதையை எழுதியே வளர்க்கும் இன்றைய குழுக்கள் பலவற்றில் பகடையும் இல்லை, கணினியின் தீர்ப்பும் இல்லை. எழுதியதே நடந்ததாகிவிடுகிறது. 'காவலன் மாண்டான்' என்று கள்வர் தலைவியாக ஆடுபவர் எழுதினால் காவலன் மாண்டுபோகிறான். காவலனுக்குப் பெயர் வைத்து, அவன் தாய்க்கு ஓர் ஊரும் அவன் அச்சத்திற்கு ஒரு காரணமும் படைத்து, பல வாரங்கள் அவனோடு வாழ்ந்தவர் வேறொருவர். அவரைக் கேளாமலே அவன் கதை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆடுவோர் இச்செயலைக் 'காட்மோடிங்' என்பர். தானே கடவுள் என எண்ணி நடத்தல் என்பது அதன் கருத்து.

ஆகவே இவ்விளையாட்டின் முதல் ஒழுங்கு இது: முயற்சியை நீ எழுதலாம், விளைவை எழுதும் உரிமை, அடிபடும் பாத்திரத்தைப் படைத்தவருக்கே உரியது. இதனை விளக்கத் தமிழ் இலக்கணம் நன்கு உதவுகிறது. 'வீழ்ந்தான்' என்பது தன்வினை. 'வீழ்த்தினான்' என்பது பிறவினை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பிறருடைய பாத்திரத்தின்மேல் பிறவினையைச் செலுத்தும்போதெல்லாம் கை சற்றுத் தயங்க வேண்டும். 'கள்வர் தலைவி காவலனை வீழ்த்தினாள்' என்பது அத்துமீறல். 'கள்வர் தலைவி காவலனின் தோளைக் குறிவைத்து வாளை ஓங்கினாள்' என்பது முறையான ஆட்டம். வாள் பட்டதா, கேடயத்தில் மோதியதா, காவலன் ஓடிவிட்டானா என்பதை அடுத்து எழுதுபவர் சொல்வார். இலக்கணம் மட்டுமே இங்குப் போதுமான காவல் அன்று. 'காவலன் அஞ்சி நடுங்கினான்' என்பது தன்வினைதான். எனினும் பிறர் பாத்திரத்தின் உள்ளத்தில் அச்சத்தை வைப்பதற்கு உனக்கு உரிமை ஏது?

இவ்வாறெல்லாம் கட்டுப்படுத்தினால் சண்டை எப்போதுதான் முடியும் என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. பத்து அம்புகள் வந்தாலும் பத்தையும் விலக்கிக்கொள்ளும் வீரர்களால் இவ்விளையாட்டு நிறைந்து கிடக்கிறது. அவர்கள் பிறர்மேல் எதையும் திணிப்பதில்லை. ஆயினும் அவர்களையும் நேர்மையானவர்கள் என்று நான் ஏற்க மாட்டேன். விளைவை எழுதும் உரிமை எனக்குத் தரப்பட்டுள்ளது என்றால், சில அடிகளையேனும் ஏற்கும் கடமையும் அதனுடன் வருகிறது. அடி படுவதால் கதை கெடுவதும் இல்லை. தோளில் காயம்பட்ட காவலனை யாரேனும் தூக்கிச் செல்ல வேண்டும். வணிகனின் வண்டி அவ்வழியே வரலாம். அவ்வண்டியில் களவுப் பொருள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கலாம். எந்த அம்பும் தைக்காத வீரனைக் கொண்டு இத்தகைய கதை ஒன்றையும் எழுத இயலாது. வெற்றியை எழுதுவதைவிடத் தோல்வியை நன்றாக எழுதுவதற்கே மிகுந்த திறமை வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது ஒழுங்கு அறிவைப் பற்றியது. கள்வர் தலைவி நள்ளிரவில் சுரங்க வழியாக வரப்போகிறாள் என்று அவளை ஆடுபவர் எழுதிவிட்டார். காவலனை ஆடும் நீ அதனைப் படித்துவிட்டாய். உன் காவலனோ படிக்கவில்லை. அவன் மேற்கு வாயிலில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் திடீரெனச் சுரங்கத்தின் வாயிலுக்கு ஓடினால் அது களவு. இதனை 'மெட்டாகேமிங்' என்பர். நம் கண் அறிந்ததை நம் பாத்திரம் அறியாதிருக்கச் செய்வது எளிதன்று. அதனைச் செய்து காட்டுபவரோடு ஆடவே அனைவரும் விரும்புவர்.

எல்லாரும் ஒரே நோக்கத்தோடு ஆட வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 'மட்' விளையாட்டை வளர்த்த பார்ட்டில் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஆடுவோரை நால்வகையாகப் பிரித்தார். வெற்றிகளைச் சேர்க்க வருவோர், அந்த உலகை ஆராய்ந்து பார்க்க வருவோர், பிறரோடு பழக வருவோர், பிறரைத் தாக்கி மகிழ வருவோர் என்பன அவை. பேசிப் பழக வந்தவரைத் தாக்க வந்தவர் ஓயாது துரத்தினால், விதி எதுவும் மீறப்படாமலே ஒருவருடைய மாலைப்பொழுது பாழாகும். அதனால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நன்று. கதைக்கு வெளியே பேசும் பேச்சை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கம் இதற்கென்றே பல குழுக்களில் உள்ளது. 'உங்கள் வணிகனைச் சிறைப்பிடிக்கலாமா?' என்னும் ஒரு வரி பெரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். பலர் இவ்வரியை எழுதக் கூச்சப்படுகிறார்கள்; ஏன் என்றுதான் விளங்கவில்லை.

வேடத்தைக் கேடயமாக்குவோர் ஒருசிலர் உண்டு. இழிசொற்களை எழுதிவிட்டு, 'பேசியது நான் அன்று, என் பாத்திரம்' என்பர். பாத்திரத்திற்கு விரல்கள் இல்லை; எழுதியவர் அவரே. அத்தகையவரோடு வாதிட வேண்டியதில்லை. ஆட்டத்தை விட்டு வெளியேறிப் பெற்றோரிடமோ குழுவை நடத்துபவரிடமோ கூறலாம். உன் மெய்ப்பெயரையும் பள்ளியையும் எவரேனும் கேட்டாலும் அவ்வாறே செய்க.

எஞ்சியிருப்பது காத்திருத்தல். ஒருவர் சண்டிகரில் இருப்பார், மற்றொருவர் புவனேசுவரத்தில் இருப்பார். ஒருவருக்குத் தேர்வு வரும், மற்றொருவர் வீட்டில் மின்சாரம் போய்விடும். எழுதாதவரின் பாத்திரத்தைக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கதையை நடத்துவது சில குழுக்களில் வேடிக்கையாகக் கருதப்படுகிறது. போகிறவர், 'பத்து நாள் வர இயலாது. என் காவலனுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்' எனச் சொல்லிவிட்டுப் போகலாம். சொல்லாமலே போயிருந்தாலும், இருப்பவர்கள் கதையை வணிகனின் ஊர்ப்பக்கம் சிறிது திருப்பிவிடலாம். தேர்வு முடிந்து அவர் திரும்பும்போது காவலன் அதே மேற்கு வாயிலில், அதே கொட்டாவியுடன் நிற்கட்டும்.