கும்மியில் தொடங்கிய வாழ்க்கை வரலாறு

பெண் ஒருத்தியின் வாழ்க்கையைச் சிறுமிகளுக்கு எடுத்துச் சொல்லும் வழக்கம் தென்காசிச் சீமையில் அச்சுப் புத்தகத்துக்கு முந்தியது. செங்கோட்டை ஆவுடை அக்காள் இயற்றிய சூடாலைக் கும்மி அதற்குச் சான்று. சூடாலை யோகவாசிட்டத்தில் வரும் அரசி. கணவன் சிகித்துவசனுக்கு முன்பே ஞானம் அடைகிறாள். அவன் அதை நம்பாமல் ஞானம் தேடிக் காட்டுக்குப் போகிறான். நாட்டை அவள் ஆள்கிறாள். பிறகு இளம் அந்தணன் உருவில் காட்டுக்கே சென்று அவனுக்குக் குருவாகிறாள். இந்தக் கதைக்கு அக்காள் தேர்ந்தெடுத்தது முற்றத்தில் பெண்கள் கைகொட்டி ஆடும் கும்மியை. அவருடைய வேதாந்த அம்மானையின் வடிவமும் பெண் பிள்ளைகள் காய்களை எறிந்து பிடித்துப் பாடும் விளையாட்டிலிருந்து வந்ததே. குற்றாலத்துக்குப் புகழ் தந்த குறவஞ்சி வடிவத்திலும் அவர் வேதாந்தம் பாடியிருக்கிறார். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத பெண்களுக்கு எது எட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்காள் வாழ்ந்தது சுமார் 300 ஆண்டுகளுக்கு முன். குழந்தைப் பருவத்திலேயே மணமாகி, அறியா வயதிலேயே கைம்மை அடைந்தவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளைக் குருவாகக் கொண்டவர் என்கிறது மரபு. பிறந்த ஆண்டு இல்லை, உருவப்படம் இல்லை. இருப்பவை பாடல்கள். மடி, எச்சில், தீட்டு என்று பெண்களைச் சுற்றி எழுப்பிய சுவர்களை அவை நேருக்கு நேர் கேள்வி கேட்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பெண்களின் நாவிலும் கையெழுத்து நோட்டுகளிலும் அவை பிழைத்துக் கிடந்து, பின்னர் அச்சேறின. ஆடி அமாவாசையன்று குற்றால அருவியில் நீராடி மலையேறிய அக்காள் திரும்பவே இல்லை என்பது செவிவழிச் செய்தி.

இந்த வாழ்க்கையைப் பத்து வயதுக் குழந்தைக்கு எழுதுபவர் இரண்டு இடங்களில் சறுக்கக்கூடும். முதலாவது, மலையேறி மறைந்த கதையை நடந்த நிகழ்ச்சியாகவே எழுதிவிடுவது. ‘அப்படிச் சொல்வார்கள்’ என்ற இரண்டு சொற்கள் போதும். கதையின் அழகு குறையாது, கேள்விப்பட்டதையும் அறிந்ததையும் பிரித்துப் பார்க்கக் குழந்தையும் பழகும். இரண்டாவது, கைம்மையைக் குழந்தைக்கு ஆகாது என்று ஒளிப்பது. ஒளித்துவிட்டால், வீட்டு மூலையில் ஒடுங்கியிருக்கச் சொன்ன காலத்தில் ஒரு பெண் பாட்டுக் கட்டியதில் இருக்கும் துணிவு புரியாமலே போகும்.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) பற்றிய சிறுவர் நூல்களுக்கும், ஒளிக்கக் கூடாது என்ற இந்த விதி பொருந்தும். மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்தது, 1912இல் மருத்துவப் பட்டம், 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று வரிசைப்படுத்துவது எளிது. அவருடைய தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர் என்பதை விட்டுவிட்டால், தேவதாசி முறையை எதிர்த்து அவர் ஏன் அவ்வளவு ஆண்டுகள் மன்றாடினார் என்பதற்கு விடை கிடைக்காது. அம்முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. ‘முதல் பெண்’ என்ற பட்டம் வினா விடைப் போட்டிக்கு உதவும். குழந்தையின் மனத்தில் நிற்பது, வகுப்பறைக்குள் தனியாக நுழைந்த அந்த முதல் நாள்.

பெயர் மட்டும் ஊரெங்கும் பரவி, வாழ்க்கை பரவாத நிலையும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தில் 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு உயர்கல்விக்காக மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தேவதாசி வாழ்க்கையைத் தாமே உதறி வெளியேறி, அதை ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலாகவும் எழுதியவர் அவர். பணம் பெறும் மாணவியின் கையில் அவரைப் பற்றிய சிறு நூல் ஒன்றும் சேர வேண்டும்.

தென்காசி மாவட்டத்துக் குழந்தைகளுக்கு இன்னும் பக்கத்தில் இருப்பவர் கடையம் செல்லம்மாள். குருவிகளுக்கு அரிசியை இறைத்த பாரதி கதையைக் கேட்காத குழந்தை இல்லை. அதில் செல்லம்மாள் கைபிசைந்து நிற்கும் மனைவி மட்டுமே. ஏழு வயதில் மணமான அதே பெண், கணவர் 1921இல் மறைந்தபின் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவர் நூல்களை அச்சிடத் துணிந்தார். அவர் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதிய ‘பாரதியார் சரித்திரம்’ 1941இல் வெளிவந்தது. 1951இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்ற உரையை நிகழ்த்தினார். பாரதியைத் தமிழுலகம் அறிந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அரிசிக் கதையை அவர் பக்கத்திலிருந்து ஒரு முறை எழுதிப் பார்த்தாலே நல்லதொரு சிறுவர் நூல் தொடங்கிவிடும்.

இந்த நூல்கள் சத்தமாக வாசிக்க ஏற்றவையாக இருப்பது முக்கியம். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் தாய்மார் மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். கை ஓயாது, காது சும்மாதான் இருக்கும். மகள் படிக்க அவர்களும் கேட்கலாம். ஆவுடை அக்காள் நூலில் மட்டும் கடைசிச் சில பக்கங்களைச் சூடாலைக் கும்மிக்கு ஒதுக்க வேண்டும், ஆடிப் பாடும்படி பெரிய எழுத்தில்.